நியூ ஃபாரஸ்ட் சில்வண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி, ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் நியூ ஃபாரஸ்ட் என்ற பழைய காடு இருக்கிறது. பிரிட்டனைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரே சில்வண்டு இனம் வாழ்ந்தது அங்கேதான். 1990களுக்குப் பிறகு அதை அங்கே யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. இருக்கிறதா, போய்விட்டதா, போயிருந்தால் ஏன், திருப்பிக் கொண்டுவர முடியுமா என்று இந்தப் பூச்சியைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

இது என்ன பூச்சி? எவ்வளவு பெரியது?

அறிவியல் பெயர் சிகாடெட்டா மொன்டானா. 1772ல் ஸ்கோபோலி என்ற இயற்கையியலாளர் இதற்குப் பெயரிட்டார். பெரிதாக ஒன்றும் இருக்காது. இறக்கையையும் சேர்த்து அளந்தால் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. கறுத்த உடம்பில், வயிற்றுப் பக்கம் மெல்லிய ஆரஞ்சு நிறக் கோடுகள் வளையம் வளையமாக ஓடும். இறக்கைகள் கண்ணாடி போல இருக்கும், நரம்புகள் மட்டும் தெரியும். உட்காரும்போது இறக்கையைக் கூரை போலச் சாய்த்து வைத்துக்கொள்ளும். தலையின் இரு ஓரத்திலும் துருத்திக்கொண்டிருக்கும் கண்களைப் பார்த்தாலே சில்வண்டு என்று சொல்லிவிடலாம்.

நம் ஊர்ச் சில்வண்டும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம், வேறு இனம். குற்றாலத்துப் பக்கமோ வால்பாறைப் பக்கமோ காதைப் பிளக்கும்படி கத்துகிறதே, அதன் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு மூலையில் இரவில் கத்தும் சுவர்க்கோழி இந்தக் குடும்பமே இல்லை. அது இறக்கையோடு இறக்கையை உரசி ஒலி எழுப்பும். சில்வண்டின் ஒலி வயிற்றின் இரு பக்கத்திலும் உள்ள டிம்பல் என்ற விறைப்பான சவ்வுகளில் இருந்து வருகிறது. உள்ளே இருக்கும் தசை அந்தச் சவ்வை உள்ளே இழுக்கும், விட்டதும் அது பழைய நிலைக்குத் தெறிக்கும். நொடிக்குப் பல நூறு தடவை இப்படி நடப்பதால் நமக்கு அது விடாத இரைச்சலாகக் கேட்கிறது. இந்த வேலையெல்லாம் ஆண் பூச்சிக்குத்தான்.

பிரிட்டனில் ஏன் ஒரே ஒரு இனம்?

குளிர்தான் காரணம். சில்வண்டு வெயிலை நம்பி வாழும் பூச்சி. பனியுகத்தில் வடக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி அதற்கு லாயக்கில்லாத இடமாக இருந்தது. பனி விலகியதும் தெற்கில் பிழைத்திருந்த பூச்சிகள் மெல்ல மெல்ல வடக்கே ஏறி வந்தன. அப்போது பிரிட்டன் ஐரோப்பாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்து அந்த வழி மூடிப்போனது. அதற்குப் பிறகு வந்து சேரும் வேகம் சில்வண்டுக்கு இல்லை. தொலைவு பறக்காத பூச்சி, நடுவில் கிடக்கும் ஆங்கிலக் கால்வாய் என்ற கடலைக் கடந்து வருமா என்ன?

எப்போது கண்டுபிடித்தார்கள்?

நியூ ஃபாரஸ்டில் முதல் பதிவு 1812ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது இங்கிலாந்துக்கே உரிய தனி இனம் என்று முதலில் எண்ணி, சிகாடா ஆங்கிலிகா என்றுகூடப் பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவில் ஏற்கெனவே அறிந்திருந்த இனம்தான் இது என்பது பிறகு தெளிவானது. அந்த நாளிலும் இது எங்கும் நிறைந்த பூச்சியாக இருக்கவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைத்தது. 1940களில் இனி இல்லை என்றே முடிவு கட்டினார்கள். 1960களில் மறுபடி ஒரு கூட்டம் அகப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

இதன் வாழ்க்கை எப்படிப் போகிறது?

பெண் பூச்சி கோடையில் மெல்லிய தண்டுகளைக் கீறி அதற்குள் முட்டையிடும். முட்டை பொரிய இரண்டு மூன்று மாதமாவது ஆகும். வெளியே வரும் இளம்பூச்சி எறும்பளவுதான் இருக்கும். தண்டிலிருந்து கீழே விழுந்து, மண் வெடிப்பில் புகுந்து, கிடைத்த வேரில் வாயைச் செருகி உட்கார்ந்துவிடும்.

அப்புறம் ஆறு முதல் பத்து ஆண்டுகள் மண்ணுக்குள்தான் வாசம். அந்தக் காலத்தில் ஐந்து வளர்ச்சிப் பருவங்களைக் கடந்து, ஒவ்வொரு முறையும் தோலுரித்து வளரும். கடைசியில் மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ ஒரு நல்ல வெயில் நாளில் மேலே ஏறி, ஏதாவது ஒரு புல் தண்டைப் பற்றிக்கொண்டு, முதுகுத் தோல் வெடித்து, இறக்கை விரித்து வரும். வந்த பிறகு மிச்சமிருக்கும் ஆயுள் இரண்டு முதல் நான்கு வாரம். அதற்குள் ஆண் பாட வேண்டும், பெண் கேட்டு வர வேண்டும், முட்டையிட வேண்டும். ஜூலையில் எல்லாம் முடிந்துவிடும்.

பத்தாண்டு உழைப்பு பத்து நாள் பாட்டுக்காக என்று பலர் இதை உருக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மண்ணுக்குள் இருப்பதுதான் இந்தப் பூச்சியின் வாழ்க்கை. மேலே வருவது கல்யாணத்துக்கு மட்டும்.

ஏன் மண்ணுக்குள் இத்தனை ஆண்டு?

சாப்பாடு அப்படி. செடியின் சைலம் குழாய்களில் ஓடும் நீரைத்தான் இளம்பூச்சி உறிஞ்சுகிறது. வேரிலிருந்து இலைக்கு ஏறும் அந்த நீரில் கொஞ்சம் உப்பும் மிகச் சொற்ப அமினோ அமிலங்களும்தான் இருக்கும், சர்க்கரை அநேகமாக இருக்காது. அந்த நீரும் தானாகப் பீய்ச்சி வராது, செடி அதை மேலே இழுத்துக்கொண்டிருப்பதால் பூச்சி அதற்கு எதிராக உறிஞ்ச வேண்டும். சில்வண்டின் நெற்றி முன்னால் புடைத்திருப்பதைக் கவனித்தால், அதற்குள் இருப்பது இந்த உறிஞ்சும் தசைதான்.

அந்த உணவில் இல்லாத அமினோ அமிலங்களைச் சில்வண்டுகளின் உடலுக்குள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரித்துக் கொடுக்கின்றன. தாய் வழியே முட்டைக்கும் அவை போய்ச் சேரும். அப்படியும் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கிறது. குளிர்ந்த மண்ணில் இன்னும் மெதுவாகும். வெயில் படும் மண் ஏன் இதற்கு அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

மண்ணில் கோபுரம் கட்டும் என்கிறார்களே?

உண்மைதான். வெளியே வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, வசந்த காலத்தில், கடைசிப் பருவ இளம்பூச்சி தன் வளையின் வாயில் ஈரமண்ணை உருட்டி உருட்டி ஒட்டி ஒரு சிறு குழாய் எழுப்பும். விரல் நுனி அளவு இருக்கும், உட்புறம் வழவழப்பாகப் பூசப்பட்டிருக்கும். புல்லையும் சருகையும் விலக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும். பாட்டு கேட்காத நாளிலும் பூச்சி இருக்கிறது என்று காட்டும் தடயம் இது என்பதால், தேடுபவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

எந்த மாதிரி இடத்தில் வாழும்?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான்.

பெயரில் ஃபாரஸ்ட் இருந்தாலும் நியூ ஃபாரஸ்ட் முழுவதும் மரம் அடர்ந்த காடு அல்ல. 1079ல் வில்லியம் மன்னன் தன் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம் அது. பழைய ஓக், பீச் மரக்காடுகள், ஹெதர் பூக்கும் புதர்வெளிகள், சதுப்புகள், புல்தரைகள், வேலியிட்ட மரத்தோட்டங்கள் எல்லாம் கலந்து கிடக்கும். 2005ல் தேசியப் பூங்கா ஆனது.

சில்வண்டு இதில் எதன் நடுவிலும் வாழவில்லை, ஓரங்களில் வாழ்ந்தது. காடு முடிந்து வெட்டவெளி தொடங்கும் விளிம்பு அதற்கு வேண்டும். அதுவும் தெற்கு பார்த்த விளிம்பு. அந்த அட்சரேகையில் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும் என்பதால், தெற்கு பார்த்த சரிவில்தான் மண் சூடேறும். காற்று அடிக்காத மறைவும் இருக்க வேண்டும். பாடுவதற்கும் உட்காருவதற்கும் மரக்கிளைகள், முட்டையிட மெல்லிய தண்டுகள் கொண்ட புதர், மண்ணுக்குள் உணவுக்குப் புல் வேர்கள் என்று மூன்றும் அருகருகே தேவை. ஊதா நிறக் கதிர் விடும் மொலினியா என்ற புல் வளரும் இடங்களில் இளம்பூச்சிகள் இருந்தது தெரிந்திருக்கிறது.

இங்கேதான் சிக்கல். அப்படிப்பட்ட இடம் நிலையாக இருக்காது. மரம் விழுந்தோ வெட்டப்பட்டோ ஒரு திறப்பு உண்டாகிறது, வெயில் விழுகிறது, புல் வருகிறது, புதர் வருகிறது. சில்வண்டுக்கு அருமையான இடம். பத்து பதினைந்து ஆண்டில் இளமரங்கள் தலைக்கு மேல் எழுந்து நிழல் கட்டிவிடும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். திறப்பு உண்டாகி நாலைந்து ஆண்டு கழித்து ஒரு பெண் அங்கே முட்டையிடுகிறது. அதன் பிள்ளை எட்டு ஆண்டு கழித்து மேலே வருகிறது. வரும்போது சுற்றிலும் நிழல். முட்டையிட்டபோது இருந்த இடமும் மேலே வந்தபோது பார்க்கும் இடமும் ஒன்றல்ல.

ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் வண்ணத்துப்பூச்சி என்றால், ஒரு திறப்பு மூடும் முன் பத்துத் தலைமுறை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் பறந்துவிடும். சில்வண்டுக்கு ஒரு திறப்பில் ஒன்றிரண்டு தலைமுறைதான் கிடைக்கும். அதற்குள் பக்கத்தில், பறந்து எட்டக்கூடிய தூரத்தில், புதிய திறப்பு ஒன்று தயாராக இருக்க வேண்டும். ஆக இதன் வாழிடம் ஓர் இடம் அல்ல, தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் பல இடங்களின் வரிசை. அந்த வரிசையில் ஒன்று விட்டுப்போனால் அத்தோடு அறுந்துவிடும்.

அப்படியென்றால் ஏன் மறைந்தது? குதிரைகள் மேய்ந்ததாலா?

ஒரு பங்கு அதற்கு உண்டு. நியூ ஃபாரஸ்டில் ஊர்க்காரர்களுக்குக் காலங்காலமாக மேய்ச்சல் உரிமை இருக்கிறது. மட்டக்குதிரைகள் ஆயிரக்கணக்கில் திறந்தவெளியில் திரிகின்றன. மாடுகளும் மேயும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகளைத் தின்னப் பன்றிகளை விடுவார்கள். போதாததற்கு மான்கள். இத்தனை வாய்களும் முதலில் தேடிப்போவது காட்டோரத்தின் இளந்தளிரையும் புதரையும்தான். காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே இருக்க வேண்டிய அந்தப் புதர் வரி கடிபட்டுக் கடிபட்டுக் காணாமல் போகும். பல இடங்களில் மரம் நிற்கும், அதன் காலடியிலேயே மொட்டைப் புல்தரை தொடங்கும், நடுவில் எதுவும் இருக்காது. சில்வண்டுக்கு வேண்டியது அந்த நடுவில் இருப்பது.

வேலியிட்ட மரத்தோட்டங்களுக்குள் நேர் எதிரான தொல்லை. அங்கே மேய்ச்சல் குறைவு, ஆனால் மரம் வளர வளர நிழல் மூடிக்கொள்ளும்.

இதற்காகக் குதிரைகளைத் திட்டுவது நியாயமில்லை. அதே இங்கிலாந்தில் பெரிய நீல வண்ணத்துப்பூச்சி 1979ல் அற்றுப்போனதன் கதை தலைகீழ். அதற்கு ஒட்ட மேய்ந்த குட்டைப் புல் வேண்டும். அதன் புழு ஒரு குறிப்பிட்ட சிவப்பு எறும்பின் கூட்டுக்குள் வளர்வது, அந்த எறும்போ வெயில் சுட்ட மண்ணில்தான் வாழும். 1950களில் நோய் வந்து முயல்கள் செத்தொழிந்தன, ஆடுமாடு மேய்ப்பதும் குறைந்தது. புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது, பின்னாலேயே வண்ணத்துப்பூச்சியும் போனது. ஆக மேய்ச்சல் ஒரு பூச்சிக்கு உயிர், இன்னொன்றுக்கு எமன். ஒரே காட்டில் இரண்டுக்கும் இடம் வேண்டுமென்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மேயவும் கூடாது, எல்லா இடத்திலும் மேய்ச்சலை நிறுத்தவும் கூடாது.

காட்டைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. கை வைக்காமல் விட்டால் மரம்தான் ஜெயிக்கும், நிழல்தான் மிஞ்சும். ஹேசல் போன்ற மரங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அடியோடு வெட்டி மறுபடி துளிர்க்கவிடும் பழைய வழக்கம் இங்கிலாந்துக் காடுகளில் இருந்தது. வேலிக்கும் விறகுக்கும் அது தேவைப்பட்டது. ஆண்டுக்கு ஒரு துண்டு வெட்டுவார்கள், அடுத்த ஆண்டு பக்கத்துத் துண்டு. யாரும் பூச்சியை நினைத்துச் செய்யவில்லை, ஆனால் வெயில் விழும் திறப்பு அருகருகே எப்போதும் இருந்தது. நிலக்கரியும் கம்பிவேலியும் வந்ததும் அந்த வேலை தேவையற்றுப் போனது. காட்டைக் காப்பாற்றுவது என்றால் வெட்டாமல் இருப்பது என்றே நாம் பழகிவிட்டோம். சில்வண்டு விஷயத்தில் ரம்பத்தையும் கொஞ்சம் கையில் எடுக்கத்தான் வேண்டும்.

அதன் பாட்டு எப்படி இருக்கும்?

சன்னமான, விடாத ரீங்காரம். அரை நிமிடம் போல ஒரே சீராக நீளும், பிறகு சட்டென்று நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கும். வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்ட வேண்டும், வெயிலும் இருக்க வேண்டும். மேகம் மூடினால் பாட்டு நின்றுவிடும். இங்கிலாந்தின் ஜூன் மாதத்தில் அந்த நிபந்தனைகள் எத்தனை நாள் கூடிவரும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குக் கேட்குமா?

உங்கள் வயதைப் பொறுத்தது. பாட்டின் சுருதி 14 கிலோஹெர்ட்ஸ் அருகே இருக்கிறது. மனிதக் காது கேட்கும் எல்லையின் உச்சி 20 கிலோஹெர்ட்ஸ் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், அது சிறுவயதுக் கணக்கு. வயது ஏற ஏற மேல்சுருதிதான் முதலில் போகும். நாற்பதைத் தாண்டிய பலருக்கு 14 கிலோஹெர்ட்ஸ் கேட்பதில்லை, கேட்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. பூச்சிகளைப் பற்றி நிறையத் தெரிந்த பெரியவர் சில்வண்டு பாடும் புதருக்குப் பக்கத்திலேயே நின்று ஒன்றுமில்லை என்று திரும்பிவிடலாம். கூட வந்த பேரப்பிள்ளைக்குக் கேட்கும், ஆனால் அது என்ன சத்தம் என்று தெரியாது. இதனால்தான் தேடுபவர்கள் வௌவால் ஒலியைக் கண்டுபிடிக்கும் கருவிகளைக் கையோடு கொண்டுபோனார்கள். உயர்ந்த சுருதியைத் தாழ்த்தி நம் காதுக்குக் கேட்கும்படி தரும் கருவி அது.

செல்போனை வைத்துத் தேடினார்களாமே?

ஆமாம். சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ரோஜர்ஸ், டேவிடே சில்லி முதலியவர்கள் 2013ல் ஒரு செயலியை வெளியிட்டார்கள். காதுக்குக் கேட்காவிட்டாலும் செல்போன் மைக்குக்குக் கேட்கும் என்பதுதான் யோசனை. சாதாரண ஒலிப்பதிவு நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும், அதனால் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதியும். 14 கிலோஹெர்ட்ஸ் அதற்குள் தாராளமாக அடங்கும். நியூ ஃபாரஸ்டுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள், பெரும்பாலும் எல்லார் பையிலும் போன் இருக்கிறது. விஞ்ஞானிகள் நான்கு பேர் நடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சத்தத்தை எப்படி இனம் பிரித்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. 14 கிலோஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் காற்று அடித்தாலும் போனைக் கை உரசினாலும் மணி அடித்துவிடும். அந்த மாதிரி இரைச்சல் எல்லாச் சுருதியிலும் பரவிக் கிடக்கும். ஆகவே கீழே 8 கிலோஹெர்ட்ஸில் உள்ள அளவையும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் கூடினால் அது வெறும் இரைச்சல். மேலே மட்டும் கூடி, அதுவும் நொடிக்கணக்கில் நீடித்தால் கவனிக்க வேண்டிய ஒலி. போனில் மின்சாரம் அதிகம் செலவாகாத எளிய கணக்கு இது.

கிடைத்ததா?

இல்லை. மக்கள் ஆயிரக்கணக்கில் பதிவுகளை அனுப்பினார்கள், ஒன்றிலும் சில்வண்டு இல்லை. நிறையக் கிடைத்தது வெட்டுக்கிளி வகைகளின் சத்தம்.

எதோடு குழப்பிக்கொள்வார்கள்?

ரோசல் புதர் வெட்டுக்கிளிதான் பெரிய தொல்லை. அதுவும் இடைவிடாமல் நீளமாக இரையும். ஆனால் அதன் ஒலி ஒரே சுருதியில் குவியாமல் அகலமாகப் பரவியிருக்கும், ஒலி வரைபடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கருநிறப் புதர் வெட்டுக்கிளி விட்டுவிட்டுக் குட்டையாகக் கத்தும், அதைப் பிரிப்பது சுலபம். காலத்தையும் பாருங்கள். இந்த வெட்டுக்கிளிகள் வளர்ந்து கத்தத் தொடங்குவது ஜூலை வாக்கில், அப்போது சில்வண்டின் காலம் முடியும் தறுவாய்.

தேடியதில் வேறு ஏதாவது பலன் உண்டா?

உண்டு. அதே குழுவின் தொடர்ச்சியாக ஆடியோமோத் என்ற சிறு ஒலிப்பதிவுக் கருவி உருவானது. காட்டில் மரத்தில் கட்டிவிட்டு வந்தால் தானே பதிவு செய்துகொண்டிருக்கும், விலையும் குறைவு. நியூ ஃபாரஸ்டில் சில்வண்டைத் தேடவும், மத்திய அமெரிக்காவின் பெலீஸ் காடுகளில் வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தத்தைக் கண்டுபிடிக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். இன்று உலகம் முழுவதும் பறவை, வௌவால், தவளை ஆய்வாளர்கள் கையில் அது இருக்கிறது.

அற்றுப்போய்விட்டது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாமே?

ஒரு யானை இல்லை என்று சொல்வது சுலபம். இது வாழ்நாளில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும், மேலே வந்தால் சில வாரம், அதிலும் வெயில் அடித்தால்தான் பாடும், பாடினாலும் பாதிப் பேருக்குக் கேட்காது. தொடர்ந்து மூன்று நான்கு கோடையில் கேட்கவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1940களில் போனது 1960களில் திரும்பக் கிடைத்ததைச் சொன்னேனே, அந்த ஞாபகம் எல்லாருக்கும் இருக்கிறது.

ஆனால் ஒன்று. பத்து ஆண்டு என்பதே இதன் தலைமுறைக் கணக்கின் மேல் எல்லை. அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் காலம் போய்விட்டது, அந்தக் காலத்தில் மனிதக் காதைவிடக் கூர்மையான கருவிகளும் காட்டில் இருந்திருக்கின்றன. நியூ ஃபாரஸ்டில் இப்போது இல்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். மிச்சம் இருந்தால் அதற்கும் அந்த வேலை உதவத்தான் போகிறது.

திருப்பிக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறதா?

நடக்கிறது. ஸ்பீஷீஸ் ரெகவரி டிரஸ்ட் என்ற அமைப்பு பிரான்சின் நார்மண்டியில் இருக்கும் சில்வண்டுகளைப் பிடித்துவந்து, நியூ ஃபாரஸ்ட் அருகே உள்ள பால்டன்ஸ் பார்க் பூங்காவில் தனி இடம் அமைத்து வளர்த்து, பிறகு காட்டில் விடும் திட்டத்தைக் கையில் எடுத்தது. 2024ல் இது பரவலாகச் செய்தியானது. நார்மண்டி என்றால் கடலுக்கு அந்தக் கரை, தட்பவெப்பமும் கிட்டத்தட்ட ஒன்று.

இதில் அவசரத்துக்கு இடமே இல்லை. இன்று இடும் முட்டையின் பலன் அடுத்த பத்தாண்டில்தான் தெரியும். நடுவில் மண்ணைத் தோண்டிப் பார்க்கவும் முடியாது. மூன்றாண்டு நிதிக்கு மூன்றாண்டு அறிக்கை என்று ஓடும் உலகத்தில் இப்படி ஒரு பூச்சிக்குப் பணம் வாங்குவதே சாமர்த்தியம்தான்.

பிரான்சில் இருப்பதும் இதே இனம்தானா?

நல்ல கேள்வி. ஐரோப்பாவில் சிகாடெட்டா மொன்டானா என்று ஒரே பெயரில் அழைத்துவந்தது உண்மையில் பல இனங்கள் என்பது கடந்த சில பத்தாண்டுகளில் தெரியவந்தது. பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும், பாட்டு மட்டும் வேறு. ஸ்லோவீனியாவின் மத்தியா கோகலா, தோமி திரிலார், பிரான்சின் ஜெரோம் சூயர், ஸ்தெஃபான் புய்சான் போன்றவர்கள் பாட்டை வைத்தே இவற்றைப் பிரித்தார்கள். பெண் பூச்சியும் அப்படித்தானே துணையைத் தேர்கிறது. ஆகவே எங்கிருந்து கொண்டுவந்தாலும் முதலில் அதைப் பாடவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் கூண்டில் போட வேண்டும். நியூ ஃபாரஸ்டில் பாடியது அசல் மொன்டானாவின் பாட்டு.

பூமி சூடாகிறதே, அதனால் தானாகவே திரும்பி வராதா?

வெயில் கூடுவது இதற்குச் சாதகம்தான், பிரிட்டன் இதன் வடக்கு எல்லைகளில் ஒன்று. ஆனால் நடுவில் கடல். அப்படியே வந்தாலும் புதர் வரி இல்லாத காட்டோரத்தில் எங்கே முட்டையிடும்?

இங்கிலாந்தில் இருக்கிறோம். குழந்தைகளோடு தேடிப் போகலாமா?

தாராளமாக. குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், காது அவர்களுடையது. மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை, காற்று இல்லாத வெயில் நாளில், காலை பத்து மணிக்கு மேல் போவது நல்லது. பெரிய மரங்களுக்கு நடுவே நடப்பதைவிடத் தெற்கு பார்த்த காட்டோரம், மரம் வெட்டிய திறப்பு, வேலிக்குள் புதர் மண்டிய இடம் ஆகியவற்றின் அருகே நின்று கேளுங்கள்.

ஏதாவது கேட்டால் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள். பேச்சுக்காக அமைத்த சுருக்கம் மேல்சுருதியைப் பெரும்பாலும் வெட்டிவிடும், அதைக் கேட்டு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும் செயலி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடப் பதிவு போதும், தேதி, நேரம், இடத்தைக் குறித்து உள்ளூர் வனவிலங்குப் பதிவு மையத்துக்கு அனுப்பலாம்.

மண் கோபுரம் கண்ணில் பட்டால் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பூச்சியே அகப்பட்டாலும் டப்பாவில் போட்டு எடுத்துவர வேண்டாம். 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இந்த இனம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் பிடிப்பது குற்றம்.